முப்பது டன் எங்கே?

கணக்குக் காட்டாதவரை மறுபடியும் பொறுப்பில் அமர்த்தலாகாது என்பது தொண்டை மண்டலத்தில் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே எழுதிவைக்கப்பட்ட விதி. முதலாம் பராந்தக சோழனின் காலத்தில், ஏறத்தாழ கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில், உத்திரமேரூர்ச் சபையோர் தம் வாரியங்களுக்கு ஆட்களைக் குடவோலையால் தேர்ந்தெடுக்கும் முறையைக் கல்லில் வெட்டினர். பள்ளிப் பாடநூல்கள் அக்கல்வெட்டைத் தேர்தலின் முன்னோடியாகவே நமக்கு அறிமுகம் செய்திருக்கின்றன. ஆனால் அதில் தகுதியின்மைகளின் பட்டியலே சுவையானது. முன்பு ஏதேனும் ஒரு வாரியத்தில் இருந்து, தம் காலத்துக் கணக்கைக் காட்டாது போனவர் மீண்டும் நிற்க முடியாது. அவர் மட்டுமல்லர், அவருடைய நெருங்கிய உறவினரும் நிற்க முடியாது. ஏரியின் கணக்கு, தோட்டத்தின் கணக்கு, பொன்னின் கணக்கு ஆகியவை ஊருக்குத் தெரிந்தாக வேண்டும் என்பதில் அந்தச் சபை அத்தனை கண்டிப்பாக இருந்தது.

அதே காஞ்சிபுரம் மாவட்டத்தில்தான் இன்று ஸ்ரீபெரும்புதூரும் ஒரகடமும் இருக்கின்றன. ஏரிகளுக்கு நடுவே கார், கண்ணாடி, மின்னணுப் பொருள் ஆலைகள் எழுந்துவிட்ட நிலம் இது. இந்த ஆலைகள் ஆண்டுதோறும் எத்தனை வண்டிகள் செய்தன, எத்தனை கோடிக்கு ஏற்றுமதி செய்தன என்ற கணக்கு நமக்கு எளிதில் கிடைத்துவிடுகிறது. அவற்றின் பின்வாசல் வழியாக வெளியேறுபவற்றின் கணக்கைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை. பெயின்ட் கசடு, தகட்டைக் கழுவிய பாஸ்பேட் சேறு, பழைய எண்ணெய், முலாம் பூசும் தொட்டிகளின் குரோமிய எச்சம், தீர்ந்துபோன கரைப்பான்கள் எனப் பலவகைக் கழிவுகள் டிரம்களில் அடைபட்டு லாரியேறுகின்றன.

இந்த லாரியோடு ஒரு சீட்டு போக வேண்டும். ஆலைகளில் அதை மேனிஃபெஸ்ட் என்றே சொல்வார்கள். 2016ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகளின்படி அது 10ஆம் எண் படிவம். ஏழு நிறங்களில் ஏழு நகல்கள். வெள்ளை, அனுப்புபவரிடமிருந்து மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு. மஞ்சள், ஓட்டுநரின் கையொப்பத்தோடு அனுப்பியவரிடமே தங்கும். இளஞ்சிவப்பு, பெற்றுக்கொண்டவரிடம். ஆரஞ்சு, சரக்கை ஒப்படைத்த வண்டிக்காரரிடம். பச்சை, பெற்றவரிடமிருந்து வாரியத்துக்கு. நீலம், பெற்றவரிடமிருந்து அனுப்பியவருக்குத் திரும்பி வரும். அனுப்பியவர் வேறு மாநிலத்தவரானால் சாம்பல் நிற நகல் அந்த மாநில வாரியத்துக்குப் போகும்.

பார்வைக்கு இது வெறும் அலுவலகச் சடங்கு. ஆனால் இதன் உள்ளே ஓர் எளிய அறிவு இருக்கிறது. ஒரே பொருளை ஒருவரையொருவர் சாராத இருவர், இரண்டு இடங்களில் எடைபோட வேண்டும். இரண்டு எடைகளும் மூன்றாமவர் ஒருவரின் மேசையில் சந்திக்க வேண்டும். வெள்ளையும் பச்சையும் ஒத்துப்போகவில்லை என்றால், இரண்டுக்கும் நடுவிலுள்ள சாலையில் ஏதோ நடந்திருக்கிறது. கழிவுக் கண்காணிப்பு என்ற பெரிய சொல்லின் சாரம் இவ்வளவுதான்.

பொருளுக்குச் சொந்தக்காரர் ஓர் அரசின் ராணுவமாக இருந்தால் இந்த அறிவு என்ன ஆகிறது? இக்கேள்வி நம் பக்கத்திற்கு அந்நியமானதல்ல. ஆவடியில் 1960களிலிருந்து டாங்கிகள் செய்யப்படுகின்றன. நீலகிரியின் அருவங்காட்டில் வெடிமருந்துத் தொழிற்சாலை வெள்ளையர் காலத்திலிருந்தே இயங்கிவருகிறது. 2018இல் அறிவிக்கப்பட்ட தமிழ்நாடு பாதுகாப்புத் தொழில் வழித்தடம் 2019 ஜனவரியில் திருச்சியில் தொடங்கிவைக்கப்பட்டது; அதன் ஐந்து மையங்களுள் சென்னையும் ஒன்று. ஒரகடத்தை ஒட்டிய வல்லம் வடகாலில் வான்வெளித் தொழில்களுக்கென ஒரு பூங்காவே ஒதுக்கப்பட்டது. விமான உறுப்புகளின் துருவைத் தடுக்கும் காட்மியப் பூச்சும் ஆறிணைதிறக் குரோமியமும் மனித உடலுக்கு மிகக் கொடியவை. ஆகவே ராணுவக் கழிவுக் கணக்கின் வரலாற்றில் நமக்கு ஓர் அக்கறை இருந்தாக வேண்டும். அந்த வரலாற்றின் மிகத் தெளிவான பாடம் ஒரு பிரெஞ்சுக் கப்பலின் வடிவில் இந்தியாவை நோக்கியே வந்தது.

*

க்ளெமான்சோ என்பது முதல் உலகப்போரின் இறுதிக் கட்டத்தில் பிரான்சை வழிநடத்திய தலைவரின் பெயர். அவர் பெயரைத் தாங்கிய விமானந்தாங்கிக் கப்பல் ப்ரெஸ்ட் துறைமுகத்தில் கட்டப்பட்டு 1961இல் பிரெஞ்சுக் கடற்படையில் சேர்ந்தது. நீளம் 265 மீட்டர். அக்காலப் போர்க்கப்பல்கள் எல்லாவற்றையும் போலவே அதன் குழாய்களும் கொதிகலன்களும் தடுப்புச் சுவர்களும் கல்நாரால் போர்த்தப்பட்டிருந்தன. தீயையும் வெப்பத்தையும் அடக்க அதைவிட மலிவான பொருள் அன்று இல்லை. கல்நாரின் நுண்ணிழை நுரையீரலுக்குள் புகுந்தால் இருபது, முப்பது, நாற்பது ஆண்டுகள் கழித்தும் புற்றுநோயாக முளைக்கும் என்பது பின்னர் ஐயமற உறுதியாயிற்று. 1997இல் பிரான்ஸ் கல்நாரைத் தடைசெய்தது. அதே ஆண்டு க்ளெமான்சோவும் ஓய்வுபெற்றது.

2003இல் கப்பல் ஒரு ஸ்பானிய நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. ஸ்பெயினின் ஹிஹோன் துறைமுகத்தில் வைத்து உடைப்பது என்பது ஒப்பந்தம். துலோனிலிருந்து இழுத்துச் செல்லப்பட்ட கப்பலோ மேற்கே போவதற்குப் பதில் கிழக்கே துருக்கியை நோக்கித் திரும்பியது. பிரான்ஸ் ஒப்பந்தத்தை ரத்துசெய்தது, கிரேக்கமும் இடம்தர மறுத்தது, கப்பல் துலோனுக்கே மீண்டது. சேருமிடம் காகிதத்தில் ஒன்றாகவும் கடலில் வேறொன்றாகவும் இருந்தது என்பதை இங்கே குறித்துக்கொள்வோம்.

அடுத்த ஒப்பந்தத்தின்படி கப்பல் குஜராத்தின் அலங் கடற்கரையில் உடைக்கப்பட வேண்டும். புறப்படுமுன் எளிதில் எட்டக்கூடிய கல்நாரைத் துலோனிலேயே அகற்ற வேண்டும். தெக்னோப்யூர் என்ற நிறுவனம் அந்த வேலையின் பெரும்பகுதியைச் செய்தது. எஞ்சியதை வேறொரு நிறுவனம் முடித்தது. அகற்றியது 115 டன், கப்பலில் மிச்சமிருப்பது சுமார் 45 டன், அதையும் எடுத்தால் கப்பல் கடலில் தாங்காது என்று பிரெஞ்சு அரசு தரப்பு சொன்னது. தெக்னோப்யூரோ கப்பலில் இருந்தது 500 முதல் 1000 டன் வரை என்றது. ஒரே கப்பலுக்கு இரண்டு கணக்குகள். நடுவே நூற்றுக்கணக்கான டன் வித்தியாசம். இந்த நிலையில் 2005 டிசம்பர் 31 அன்று க்ளெமான்சோ துலோனை விட்டு இந்தியாவை நோக்கி இழுத்துச் செல்லப்பட்டது.

2006 ஜனவரியில் கிரீன்பீஸ் செயல்வீரர்கள் கடலிலேயே கப்பலின் மேலேறினர். எகிப்து சூயஸ் வாயிலில் சில நாட்கள் நிறுத்திவைத்துவிட்டுப் பின்பு வழிவிட்டது. இங்கே, அபாயகரக் கழிவு பற்றிய வழக்கில் 2003இல் உச்ச நீதிமன்றம் அமைத்திருந்த கண்காணிப்புக் குழுவின் முன் விஷயம் வந்தது. அதன் தலைவர் ஜி. தியாகராஜன், சென்னையிலுள்ள மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனத்தின் முன்னாள் இயக்குநர், வேதியியலாளர். கப்பலை உள்ளே விடக்கூடாது என்பது அக்குழுவின் முதற்கருத்து. பின்னர் உறுப்பினரிடையே கருத்து பிளந்தது. பிப்ரவரி 13 அன்று உச்ச நீதிமன்றம் புதிய நிபுணர் குழு ஒன்றை அமைக்கச் சொன்னது.

அதே நாட்களில்தான் பிரான்சில் கணக்கு உடைந்தது. அகற்றப்பட்டதாகச் சொல்லப்பட்டது 115 டன். கழிவைப் புதைக்கும் நிலையத்தில் எடைபோட்டு வாங்கப்பட்டதாகப் பதிவானதோ 85 டன். முப்பது டன்னைக் காணவில்லை. பாதுகாப்பு அமைச்சர் மிஷேல் அலியோ-மாரி இந்த வேறுபாட்டைப் பகிரங்கமாக ஒப்புக்கொண்டு விசாரணைக்கு உத்தரவிட்டார். பிப்ரவரி 15 அன்று பிரான்சின் உயர் நிர்வாக நீதிமன்றம் ஏற்றுமதி அனுமதியை நிறுத்திவைத்தது. அன்றே அதிபர் ஜாக் ஷிராக் கப்பலைத் திரும்ப அழைத்தார். சில நாட்களில் அவர் இந்தியாவுக்கு வரவிருந்தார் என்பதும் அந்த முடிவுக்குப் பின்னணியாக இருந்தது. கப்பல் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிக்கொண்டு மே மாதம் ப்ரெஸ்டை அடைந்தது. 2009இல் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலுக்குக் கொண்டுசெல்லப்பட்டு 2010 முடிவில் முற்றாக உடைக்கப்பட்டது.

*

காகிதத்தில் ஓர் அறிவியல் நிறுவனத்துக்குரிய துல்லியம் கொண்டிருந்த ஒரு நாட்டில் இது எப்படி நேர்ந்தது? யாரோ திருடினார்கள், யாரோ பொய் சொன்னார்கள் என்று முடித்துவிடுவது எளிது. ஆனால் இவ்வகைக் கணக்குகள் தவறுவதற்குத் திருட்டே தேவையில்லை.

முதலாவது, அளவையின் குழப்பம். ஒரு டன் கல்நார் என்றால் எது? சுத்தமான இழையா, இழை கலந்த பூச்சா, அது ஒட்டியிருந்த இரும்புத் தகடும் சேர்த்தா? தூசி பறக்காமலிருக்கக் கல்நாரை நனைத்தே அகற்றுவார்கள். நனைந்த எடைக்கும் உலர்ந்த எடைக்கும் உள்ள வேறுபாடு மட்டுமே பல டன் வரும். தொழிலாளி அணிந்த உடுப்பும் மூடிய பிளாஸ்டிக்கும்கூட அதே மூட்டையில்தான் போகின்றன. எதை எண்ணுகிறோம் என்று முதலிலேயே ஒப்புக்கொள்ளாவிட்டால் இரண்டு நேர்மையான மனிதர்கள்கூட இரண்டு எண்களைத்தான் சொல்வார்கள்.

இரண்டாவது, மதிப்பீட்டின் பலவீனம். நாற்பதாண்டு உழைத்த ஒரு கப்பல் எத்தனையோ முறை பழுதுபார்க்கப்பட்டிருக்கும். வரைபடம் காட்டும் கப்பல் வேறு, துறையில் நிற்கும் கப்பல் வேறு. சுவருக்குப் பின்னாலிருப்பதைச் சுவரைப் பிரிக்காமல் எடைபோட முடியாது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று தேவையில்லை.

மூன்றாவதுதான் மிக முக்கியமானது. அது கழிவா, ஆயுதமா என்ற கேள்வி. க்ளெமான்சோ போர்த்தளவாடம், எனவே கழிவு பற்றிய விதிகள் அதற்குப் பொருந்தா என்பதே பிரெஞ்சு அரசின் வாதமாக இருந்தது. ஆயுதத்துக்கு ஒரு சட்டம், கழிவுக்கு இன்னொரு சட்டம். இரண்டின் எல்லையில் நிற்கும் பொருளுக்கு எந்தச் சட்டமும் முழுதாகப் பொருந்துவதில்லை.

இந்த எல்லைச் சண்டை பிரான்சுக்கு மட்டும் உரியதன்று. கழிவைப் பிறப்பிலிருந்து இறப்பு வரை சீட்டால் பின்தொடரும் முறைக்கு 1976இலேயே சட்டம் இயற்றிய நாடு அமெரிக்கா. ஆனால் அந்தச் சட்டத்தை மீறிய கூட்டரசு நிலையங்களுக்கு மாநிலங்கள் அபராதம் விதிக்க முடியுமா என்ற வழக்கில், முடியாது என 1992இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு நாடாளுமன்றம் தனிச்சட்டம் இயற்றி அந்தக் காப்பை நீக்க வேண்டியதாயிற்று. ஒரு வெடிகுண்டு எந்தக் கணத்தில் ஆயுதம் என்ற நிலையை இழந்து கழிவாகிறது என்று வரையறுக்கும் விதி அங்கே 1997இல்தான் வந்தது. அதுவரை கிடங்கில் கிடந்த பழைய குண்டுகள் கையிருப்பா, குப்பையா என்பது கிடங்கின் அதிகாரி எப்படிக் கருதுகிறார் என்பதைப் பொறுத்தே இருந்தது.

அந்த எல்லை தெளிவாக இல்லாததன் விலையை நாம் ரத்தத்தால் கொடுத்திருக்கிறோம். 2004 செப்டம்பர் 30 அன்று தில்லியை அடுத்த சாகிபாபாத்தில் ஓர் உருக்காலையில் பழைய இரும்போடு வந்த எறிகணைகள் வெடித்துப் பத்துப் பேர் இறந்தனர். ஈரானிலிருந்து வந்த சரக்கு அது. போர்க்களத்தில் ஆயுதமாக இருந்தது துறைமுகப் பத்திரத்தில் வெறும் பழைய இரும்பு ஆகியிருந்தது. அதன் பிறகே பழைய இரும்பு இறக்குமதிக்கு, கப்பலேறுமுன் சோதித்த சான்றிதழ் வேண்டும் என்ற கட்டுப்பாடு இறுகியது. இறந்தவர்கள் நாள்கூலிக்கு இரும்பைப் பிரித்தவர்கள். அவர்களுக்கு அந்தப் பத்திரத்தில் என்ன எழுதியிருந்தது என்பது தெரிந்திருக்க வழியில்லை.

*

ராணுவம் என்றாலே கணக்கு மூடுபனிக்குள்தான் இருக்கும் என்பது விதியா? இல்லை என்பதற்கு நம்மிடமே நல்ல உதாரணம் இருக்கிறது. 1997இல் வேதியியல் ஆயுத ஒப்பந்தத்தின் கீழ் இந்தியா தன்னிடம் கடுகு வாயு எனப்படும் கந்தக நச்சுப்பொருள் ஏறத்தாழ 1,044 டன் இருப்பதாக அறிவித்தது. அதுவரை பரம ரகசியம். அறிவித்த பின்னரோ ஒவ்வொரு கொள்கலனும் பன்னாட்டு ஆய்வாளரின் கண்முன்னே எண்ணப்பட்டு அழிக்கப்பட்டது. 2009இல் பணி முற்றிலும் முடிந்தது. அறிவித்த ஆயுதம் முழுவதையும் அழித்த நாடுகளில் அல்பேனியா, தென்கொரியாவுக்கு அடுத்து இந்தியா மூன்றாவது. நாட்டின் பாதுகாப்பு இதனால் குலைந்துவிடவில்லை. இராணுவத்துக்குத் துல்லியமாக எண்ணத் தெரியும். வேறொருவரும் உடனிருந்து எண்ணுவார் என்ற நிலைமையில் அது இன்னும் துல்லியமாகிறது.

ஆனால் கப்பல்களின் கதையில் அந்தப் பாடம் எடுத்துக்கொள்ளப்படவில்லை. ஒரு கப்பலிலுள்ள அபாயகரப் பொருள்கள் அனைத்துக்கும் சரிபார்க்கப்பட்ட பட்டியல் வேண்டும் என்று கோரும் ஹாங்காங் உடன்படிக்கை 2009இல் உருவாகி, 2025 ஜூன் 26 அன்றுதான் நடைமுறைக்கு வந்தது. இந்தியா 2019இல் அதில் சேர்ந்து, கப்பல் மறுசுழற்சிக்கெனத் தனிச்சட்டமும் இயற்றியது. இரண்டிலும் ஒரு விலக்கு உண்டு: போர்க்கப்பல்கள். எந்த வகைக் கப்பலால் உலகம் இந்தப் பட்டியலின் தேவையை உணர்ந்ததோ, அதே வகைக் கப்பலுக்குப் பட்டியல் கட்டாயமில்லை.

நம் விக்ராந்த்தும் க்ளெமான்சோவைப் போலவே 1961இல் படையில் சேர்ந்து 1997இல் ஓய்வுபெற்றது. சிலகாலம் அருங்காட்சியகமாக இருந்துவிட்டு 2014இல் விற்கப்பட்டு மும்பையிலேயே உடைக்கப்பட்டது. அதன் இரும்பை உருக்கி ஒரு மோட்டார் சைக்கிளில் சேர்த்ததை 2016இல் விளம்பரங்கள் பெருமிதத்தோடு அறிவித்தன. பெருமிதத்தில் தவறில்லை. ஆனால் க்ளெமான்சோவின் கல்நாரைப் பற்றி இரண்டு நாடுகளின் உச்ச நீதிமன்றங்கள் விவாதித்ததைப் போல, விக்ராந்த்தின் கல்நாரைப் பற்றி நாட்டில் ஒரு பொதுவிவாதம் எழவில்லை. அந்நியரின் கழிவை வாசலில் தடுத்தது சரியே. நம்முடைய கழிவு நம் வீட்டுக்குள்ளேயே உடைபடும்போது அதே கேள்வியைக் கேட்கும் கூச்சத்தை நாம் இன்னும் தாண்டவில்லை என்றே தோன்றுகிறது.

*

மீண்டும் ஒரகடத்துக்கு வருவோம். இங்கே வந்திருக்கும், வரவிருக்கும் பாதுகாப்பு ஆலைகளில் பல தனியார் நிறுவனங்கள். 2021 அக்டோபரில் பழைய ஆயுதத் தொழிற்சாலை வாரியமே கலைக்கப்பட்டு ஏழு அரசு நிறுவனங்களாகிவிட்டது. அவற்றுள் கவச வாகனங்களுக்கான நிறுவனம் ஆவடியைத் தலைமையிடமாகக் கொண்டது. ஆகவே ராணுவத்தின் வேலி என்பது முன்போல ஒரே கோடாக இல்லை. உறுப்பு ஓர் ஊரில், முலாம் இன்னோர் ஊரில், பொருத்துவது மூன்றாவது ஊரில் என்று வேலை பிரிந்து கிடக்கிறது. கழிவும் அப்படியே பிரிந்து, சிறிய முலாம் பட்டறைகளின் கொல்லைப்புறத்தில் போய்ச் சேர வாய்ப்பிருக்கிறது. பெரிய ஆலையின் சீட்டு சுத்தமாக இருக்கும். அதற்கு வேலை செய்துகொடுத்த சிறிய பட்டறைக்குச் சீட்டே இல்லாமலிருக்கும்.

இதற்கு மருந்தாக இன்று மின்னணுச் சீட்டும், லாரியில் இடங்காட்டிக் கருவியும் முன்வைக்கப்படுகின்றன. அமெரிக்கா 2018 ஜூனில் மின்னணு முறைக்கு மாறியது. இவை தேவைதான். காகிதம் தொலையும், கையெழுத்து புரியாது, நிற நகல்கள் மேசையிழுப்பறையில் மங்கிப்போகும். ஆனால் க்ளெமான்சோ சொல்லும் பாடம் வேறு. பிழை சீட்டில் பிறப்பதில்லை; முதல் எண்ணை எழுதும் கையில் பிறக்கிறது. 115 என்பதைக் கணினியில் ஏற்றியிருந்தாலும் அது 115 ஆகவே இருந்திருக்கும். அதை உடைத்தது தொலைவிலிருந்த ஓர் எடைமேடை சொன்ன 85.

ஆகவே துல்லியத்துக்கான வழிகள் புதியவை அல்ல. உள்ளே வந்த குரோமியம் எவ்வளவு, பொருளில் ஒட்டிப்போனது எவ்வளவு, கழிவாக வெளியேறியது எவ்வளவு என்று வரவையும் செலவையும் நேர்செய்து பார்ப்பது. அனுப்புபவரின் எடையை நம்பாமல் பெறுபவர் தானே எடைபோடுவது. ஈரமா, உலர்ந்ததா, கலப்பு எவ்வளவு என்பதைச் சீட்டிலேயே எழுதுவது. வேறுபாடு கண்டால் அது சிறிதென்று தள்ளாமல் காரணம் எழுதும்வரை கணக்கை மூடாதிருப்பது. நம் ஊர்க் கணக்குப்பிள்ளைகளுக்கு இவை தெரியும். 1767இலிருந்து 1774 வரை செங்கல்பட்டு ஜாகீரின் ஏறத்தாழ 2000 ஊர்களைத் தாமஸ் பர்னார்டு அளந்தபோது, அவருக்கு ஆதாரமாக நின்றவை அவர்கள் ஓலையில் எழுதிவைத்த கணக்குகளே.

போர் என்பது தளபதிகளிடம் மட்டும் விட்டுவிட முடியாத அளவு முக்கியமானது என்று ழார்ஜ் க்ளெமான்சோ சொன்னதாக ஒரு வாசகம் வழங்கிவருகிறது. அவர் பெயர் தாங்கிய கப்பல் அந்த வாசகத்துக்குப் புதுப்பொருள் ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறது. ஆயுதத்தின் எண்ணிக்கையை எதிரிக்குச் சொல்லத் தேவையில்லை. ஆனால் கழிவின் எடை எதிரிக்குப் பயன்படும் செய்தியன்று. அதைச் சுமக்கும் லாரிக்காரருக்கும், டிரம்மைத் திறக்கும் தொழிலாளிக்கும், பக்கத்து ஏரியில் மாடு குளிப்பாட்டுபவருக்கும் பயன்படும் செய்தி.

அந்த முப்பது டன்னில் பெரும்பகுதி வெறும் தண்ணீராகவும் இருந்திருக்கலாம், வேறோர் ஊரின் குழியில் போய்க் கிடந்திருக்கவும் கூடும். ஆனால் கல்நார் இழை ஒரு மனிதனின் நெஞ்சில் தங்கி நோயாக வெளிப்படும் வரையுள்ள முப்பது, நாற்பது ஆண்டுகளை நினைத்துப் பார்த்தால், இன்று எடைபோடாமல் விடும் ஒரு மூட்டையின் கணக்கை முடிக்கப்போவது நாமல்லர். அப்போது அந்தத் தொழிலாளியின் கையில் காட்டுவதற்கு ஒரு வண்ணச் சீட்டாவது இருக்க வேண்டும்.